படுத்திருக்கிற அம்மாவுக்கு ஒரு பட்டு

அம்மா,

இன்று காலை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தச் சிவப்புப் பட்டை இறக்கினேன். நீங்கள் சுற்றிவைத்த வெள்ளைத் துணியை விரித்ததும் முதலில் பூச்சியுருண்டை மணம் வந்தது. கொஞ்சம் பொறுத்து அதன் அடியிலிருந்து இன்னொரு மணம் எழுந்தது. ஈரக் கல், அணைத்த மெழுகுதிரி, மர வாங்கு இருக்கைகளுக்குப் பூசும் மெழுகு. ஒரேயொரு மதியப் பொழுதுதான் இந்தச் சேலை அந்தக் கோயிலுக்குள் கிடந்தது. ஆனாலும் அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல மணக்கிறது. முகத்தைப் புதைத்துக்கொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

இன்று பின்னேரம் அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் கதவுகளை ஊருக்கெல்லாம் திறந்துவைக்கிறார்கள். வருகிறவர்களுக்கு அதன் கட்டடத்தையும் கதையையும் எடுத்துச் சொல்லப்போவது நான். ஓம் அம்மா, நான்தான். சிரிக்காதீர்கள்.

நாங்கள் முதன்முதல் அங்கே போனது கும்பிடுவதற்கு அல்ல, மழைக்கு ஒதுங்க. என் பள்ளிக்கூடம் அந்தக் கோயிற்காணியின் எல்லையில் இருந்தது. நாங்கள் குடியிருந்த பார்க்கிங் என்ற ஊருக்குத் திரும்பும் பஸ் எப்போதும்போலப் பிந்தியது. எனக்கு ஐந்து வயது. சாம்பல் நிறக் கற்களும் உடைத்த தீக்கற்களும் கலந்து கட்டிய சுவர்கள் மழையில் மினுங்கின. நடுவில் பழைய ஓட்டுக் கூரை, ஒரு முனையில் சதுரமான மணிக்கோபுரம்.

"வேதக்கோயில் எண்டாலும் கோயில்தானே. வா, உள்ள போவம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கிழக்குப் பக்கம் நடந்தீர்கள். கோயிலென்றால் வாசல் கிழக்கே இருக்கும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. அங்கே வாசல் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே தொடங்கும் பெரிய கண்ணாடிச் சாளரம் ஒன்றுதான் இருந்தது.

"இதென்ன சனம்! வாசல் வைக்கிற இடத்தில யன்னலை வைச்சிருக்கினம்."

வடக்குப் பக்கம் போனோம். அங்கே ஒரு கதவு நிலை இருந்தது, ஆனால் அதை எப்போதோ கல் வைத்து அடைத்திருந்தார்கள். மேற்கே கோபுரத்தடியில் ஒரு கதவு, அதில் பூட்டு. கடைசியில் தெற்கே வந்தபோதுதான் கூரை போட்ட சின்ன முகப்பும், அதற்குள் திறந்த கதவும் தெரிந்தன. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். நான் காலை உள்ளே வைக்கப்போனேன். நீங்கள் என்னைப் பின்னுக்கு இழுத்தீர்கள்.

"ஐயோ, இடம் சுத்தியெல்லோ வந்திட்டம். கூடாது. வா, திரும்ப வலம் சுத்திப்போட்டு வருவம்."

அந்த மழைக்குள் இன்னொரு முழுச் சுற்று. பிறகு முகப்பில் இருந்த கல் இருக்கைக்குக் கீழே சப்பாத்துகளைக் கழற்றி வைத்தோம். உங்களுடையவற்றின் மேல் குடையைக் கவிழ்த்து மறைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தீர்கள், வெள்ளைக்காரர் களவெடுத்துவிடுவார்களாம்.

எங்கள் கோயில்களில் சாமி கிழக்கே பார்த்துக்கொண்டு இருக்கும். இங்கே கிழக்கே பார்ப்பது சனங்கள். சூரியன் வரும் பக்கத்தில் பீடத்தை வைத்து, சனங்களைத் தெற்காலோ மேற்காலோ உள்ளே எடுத்து, அதை நோக்கி நடக்க விடுகிறார்கள். இதை ஒழுங்காக விளங்கிக்கொள்ள எனக்குப் பல்கலைக்கழகம் வரை போகவேண்டியிருந்தது. நீங்களோ அன்றைக்கே அதன் நாலு பக்கத்தையும், அதுவும் இரண்டு தரம், காலால் அளந்துவிட்டீர்கள்.

அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வெளியே பேசமாட்டேன். வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசலைத் தாண்டியதும் தொண்டைக்குள் ஒரு கதவு மூடிக்கொள்ளும். வகுப்பில் தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்கமாட்டேன். ஆசிரியை உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார், நீங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் தலையாட்டினீர்கள், வரும் வழியெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். நான் பேசாததற்கு உங்களுடைய ஆங்கிலம்தான் காரணம் என்று நீங்கள் நினைத்திருந்தது எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரியும்.

கோயிலுக்குள் யாரோ ஒரு மனிதர் தூரத்தில் பித்தளை விளக்குத்தண்டை மினுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சுவரோரமாகப் பக்கமண்டபத்தின் கடைசிக்குப் போனோம். அங்கேதான் அவ இருந்தா. இருந்தா என்பது பிழை, படுத்திருந்தா. மெழுகு நிறக் கல்லில் செதுக்கிய ஒரு பெண். தலைக்குத் தலையணை, அதைத் தாங்க இரண்டு சின்னத் தேவதைகள், நெஞ்சின்மேல் கூப்பிய கைகள், கால்வரை மடிப்பு மடிப்பாக அங்கி. அந்த அங்கியின் விளிம்பைக் கடித்து இழுத்துக்கொண்டு காலடியில் ஒரு குட்டி நாய்.

"அம்மா, நாய்!" என்றேன் நான்.

உரக்கச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பித்தளை மினுக்கிய மனிதர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு நாயைப் பார்த்தீர்கள், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தீர்கள். வீட்டுக்கு வெளியே நான் பேசிய முதற் சொல் அது.

"வைரவரின்ர நாயெல்லோ," என்று முணுமுணுத்தீர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ கேட்டீர்கள். என்ன கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் நாயின் கழுத்துப் பட்டியில் இருந்த சின்னச் சின்ன மணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தக் கோயில் எங்கள் வழியில் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸுக்கு முன், கொஞ்ச நேரம். நீங்கள் அவவுக்குப் 'படுத்திருக்கிற அம்மா' என்று பெயர் வைத்தீர்கள். கூப்பிய விரல்களுக்கு இடையில் ஒரு பூவைச் செருகுவீர்கள், அநேகமாக அப்பாவின் கடையில் விற்காமல் நின்ற கார்னேஷன். அவவுக்குப் பக்கத்தில் அவவுடைய கணவனின் உருவமும் ஒருகாலத்தில் கிடந்திருக்க வேண்டும். யாரோ உடைத்து எடுத்துவிட்டார்கள், வெறும் பலகைக்கல்தான் மிச்சம். அந்த இடத்தில் நீங்கள் கைப்பையையும் சாமான் பையையும் வைப்பீர்கள்.

அடுத்த முறை போகும்போது பூ விரலில் இராது, கீழே படியில் கிடக்கும். உங்களுக்கு அது போதும். "பாத்தனீயே, பூக் குடுத்திருக்கிறா," என்பீர்கள். முருகன் கோயிலில் சாமியின் தோளிலிருந்து பூ விழுந்தால் எப்படி முகம் மலருமோ, அப்படி மலரும்.

அந்தப் பக்கமண்டபத்தின் சுவரில் சாய்வாகக் குடைந்த ஒரு துவாரம் இருக்கிறதல்லவா. நீங்கள் என்னைத் தூக்கிப் பிடிப்பீர்கள், நான் அதற்குள்ளால் பார்ப்பேன். அந்தத் தடித்த சுவருக்கு அப்பால் பீடமும் அதன்மேல் இரண்டு மெழுகுதிரிகளும் மட்டும், சட்டம் போட்ட படம்போலத் தெரியும். ஒதுக்குப்புறத்தில் நிற்பவர்களுக்கும் பூசை தெரியட்டும் என்று சுவரையே வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கோயிலில் எனக்கு இன்றும் மிகப் பிடித்த கட்டட வேலை அதுதான். என்னை யாரும் பார்க்காமல் நான் பார்க்கலாம். கூச்சப்பட்டவர்களை நினைத்து ஒரு கொத்தர் செய்த காரியம் என்று அப்போது நினைத்தேன். இப்போது வேறு காரணங்கள் தெரியும், ஆனால் பழைய காரணத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கோயிலுக்குள் மட்டும் நான் உங்களோடு குசுகுசுவென்று கதைப்பேன். நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள், "இஞ்ச மெதுவாக் கதைச்சாலும் காணும் பிள்ளை. மிச்சத்தைக் கல்லு கொண்டுபோய்க் குடுக்கும்."

வளர்ந்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லுமளவுக்குக் குரல் வந்தது. அதற்குமேல் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரலாறு படிக்கிறேன் என்றபோது அப்பா, "நடந்து முடிஞ்சதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளே கடையில் வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னார். கடைசி ஆண்டு ஆய்வுக்கு எந்தக் கட்டடம் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. வடக்கு வரிசைத் தூண்கள் உருண்டையாகவும் தெற்கு வரிசைத் தூண்கள் எட்டுப் பட்டையாகவும் இருப்பது ஏன், சுவரின் பாதி உயரத்தில் எங்கேயும் போகாத ஒரு கதவு ஏன், எல்லாவற்றையும் படித்தேன். தூண்களின் கதை எளிது. சனம் பெருகப் பெருக ஒவ்வொரு பக்கமாக இடித்துப் பெருப்பித்திருக்கிறார்கள், ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து மோஸ்தரில். பீடப் பகுதியைப் பழுது பார்ப்பது பாதிரியாரின் பொறுப்பு, சனங்கள் நிற்கும் நடுமண்டபம் சனங்களின் பொறுப்பு. அதனால்தான் நடுமண்டபம் அவ்வளவு உயரம், பீடப் பகுதி அவ்வளவு தாழ்வு. உங்களுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப எங்கட ஊர்த் திருவிழா உபயம் மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் வெல்லப் பாத்திருக்கினம்," என்றீர்கள். என் ஆய்வில் இந்தக் கருத்துக்கு மூன்று பக்கம் போயிருக்கிறது.

ஆய்வை வாயால் சொல்லிக் காட்டவும் ஒரு வழி இருந்தது. நான் எழுதிக் கொடுக்கும் வழியைக் கேட்டு வாங்கினேன்.

பட்டமளிப்பு நாள் உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பி வரும் ரயிலில் அப்பா நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். நீங்கள் சந்தோஷமாக இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"மேடையில நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை அம்மா. கை குடுத்திட்டு இறங்குறதுதான்."

"இவ்வளவு பிள்ளையள் ஏறினவை. ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லையோ? இதென்ன பட்டமளிப்பு?"

"அந்தப் பெரியவர் கதைச்சவர்தானே," என்றார் அப்பா. "முடிக்கவே மாட்டன் எண்டு நிண்டவர்."

"அவர் கதைச்சு எனக்கென்ன? அவருக்கோ நான் நேர்ந்தனான்?"

பிறகு கைப்பையைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே நாலாக மடித்த சிவப்புப் பட்டு, பச்சைக் கரை. பட்டமளிப்பு முடிந்ததும் நேரே படுத்திருக்கிற அம்மாவிடம் போய்ச் சாத்தலாம் என்று கொண்டுவந்திருந்தீர்கள். நேர்த்திக்கடனை அப்போதுதான் எனக்குச் சொன்னீர்கள். அந்த மழைநாளில், நான் நாயைக் கண்டு வாய் திறந்த உடனே கேட்டது. 'தாயே, இந்தப் பிள்ளை சபையில எழும்பி நிண்டு நாலு பேர் கேக்கக் கதைக்கட்டும். உனக்குப் பட்டுச் சாத்துறன்.'

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல், படித்ததைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அவ சாமி இல்லை. மாதாவும் இல்லை. இந்த ஊரில கம்பளி வித்த ஒரு யாவாரியின்ர பெண்சாதி. செத்தாப்பிறகு கல்லறையில அவவை மாதிரிச் செதுக்கி வைச்சிருக்கினம்."

"அப்ப நாய்?"

"அது அவ வளத்த நாயா இருக்கும்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். ரயிலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு கடைக்காரன்ர மனிசிக்கோ இவ்வளவு காலமும் பூ வைச்சனீர்? நானும்தானே கடை வைச்சிருக்கிறன். எனக்கு ஒருநாளாவது வைச்சனீரே?"

நீங்கள் கைப்பையின் கிளிப்பை மூடினீர்கள். பார்க்கிங் வந்து இறங்கி, படி ஏறி, வெளியே வந்த பிறகுதான் வாய் திறந்தீர்கள்.

"ஆரெண்டாலும் இருக்கட்டும். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அடுத்த கிழமை நீங்களே என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். படித்த பிள்ளை, எல்லாவற்றையும் சரியாகக் காட்டு என்றீர்கள். நான் கைத்தொலைபேசி விளக்கைக் கல்லறையின் விளிம்பில் பக்கவாட்டாகப் பிடித்தேன். லத்தீன் எழுத்துகள் நிழலாக எழும்பின. தொடக்கச் சொற்களை யாரோ உளியால் கொத்தி அழித்திருந்தார்கள். இந்த நாடு கத்தோலிக்கத்தை விட்டு விலகிய காலத்தில் இறந்தவர்களுக்காக வேண்டுவது கூடாது என்றார்கள், அதனால் அந்த வேண்டுகோளை மட்டும் தேடித்தேடிக் கொத்தினார்கள். ஆனால் அவசரமாகக் கொத்தியதால் அடி எழுத்துகள் மிச்சம்.

"என்ன எழுதியிருக்கு?"

"இவர்களின்ர ஆத்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கோ எண்டு. இதால போற வாற ஆக்களைப் பாத்துக் கேட்டிருக்கினம்."

நீங்கள் நிறைய நேரம் அவவின் கூப்பிய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவ்வளவு காலம் பூச் செருகிய கைகள். அன்றைக்குத்தான் அவை ஆசி கொடுக்கும் கைகள் அல்ல, கேட்கும் கைகள் என்று கண்டீர்கள்போல.

"அப்ப நான் அவவிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டன். அவ என்னட்டக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறா," என்றீர்கள். பிறகு, "பாவம். எத்தினை காலமாக் கேட்டாவோ," என்று சொல்லி, அவவின் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தீர்கள். அன்றைக்கு எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவவுக்காகத்தான் கண்ணை மூடினீர்கள்.

அந்த மாரியில்தான் உங்கள் வயிற்றில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுக்கவேண்டும், பொறுக்க ஏலாது என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் தேத்தண்ணீர் போட்டீர்கள், எல்லோருக்கும் கொடுத்தீர்கள், பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"நேர்த்தியை வைச்சுக்கொண்டு நான் மயக்க மருந்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டன்."

"இவளுக்கு விசர்," என்றார் அப்பா. அவர் தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"நான் எழும்பாட்டில் அது ஆரின்ர தலையில நிக்கும்? பிள்ளையின்ர தலையிலதானே? அவள் கதைக்கேக்குள்ள கதைக்கட்டும். நான் முதலே பட்டைச் சாத்திறன். அவவும் ஒரு யாவாரி வீட்டு மனிசிதானே, முன்பணம் எண்டால் விளங்கும்."

உங்களோடு வழக்காட எங்கள் இருவராலும் ஏலாது. ஆகவே நான் பாதிரியாரிடம் போனேன். நீங்கள் 'ஐயரம்மா' என்று கூப்பிடுவீர்களே, சேற்றுச் சப்பாத்தோடு திரிகிற அந்த இளம் பெண். நான் தட்டுத்தடுமாறிச் சொன்ன எல்லாவற்றையும் சிரிக்காமல் கேட்டா. சம்மதம் சொல்லத் தனக்கு மட்டும் உரிமை இல்லை, அந்தக் கல்லறை எல்லோருக்கும் சொந்தம், ஞாயிறு பூசைக்குப் பிறகு நிர்வாகக் குழு கூடும், அங்கே வந்து சொல்லுங்கள் என்றா.

"எழுதித் தரலாமா?" என்று கேட்டேன்.

"தரலாம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு மறுப்பது கடினமாக இருக்கும்," என்றா.

அந்த ஞாயிறு அப்பாவின் வான் வண்டிக்குள் உங்களைப் போர்வையோடு இருத்திவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். பக்கத்துக் கூட்ட மண்டபத்தின் சூடாக்கி பழுது என்று, குழு பீடப் பகுதியின் பழைய மர இருக்கைகளில், கோட்டுகளைக் கழற்றாமல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தது. பாதிரியார் என்னை நடுவில் நிறுத்தினா. தரையில் பழைய ஓடுகள், ஒன்றில் ஒரு சிங்கம், தேய்ந்து பூனைபோல இருந்தது. நான் அந்தச் சிங்கத்தோடு பேசத் தொடங்கினேன்.

சாவிகளை வைத்திருக்கும் கோயில் மூப்பர்தான் முதலில் மறுத்தார். அவரை உங்களுக்குத் தெரியும், அந்த மழைநாளில் பித்தளை மினுக்கியவர். கெட்ட மனிதர் அல்ல. அந்தக் கல் நகம் பட்டாலே கீறும், ஈரம் பட்டால் கரையும், சேலையின் சரிகை உரசினால் அறுநூறு வருஷத்து முகம் போய்விடும் என்றார். எல்லாம் உண்மை. கடைசியில், "அது எங்கள் வழக்கமும் அல்ல," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் சிங்கத்திலிருந்து தலையை நிமிர்த்தினேன். அது உங்கள் வழக்கம்தான் என்றேன். இந்த நாட்டுப் பெண்கள் தங்கள் மரண சாசனங்களில் கோயில் உருவங்களுக்கு என்னென்ன விட்டுப்போனார்கள் என்று சொன்னேன். நல்ல அங்கியை மாதாவுக்கு, பட்டு முக்காட்டைப் பீடத்துக்கு, கலியாண மோதிரத்தை இன்னொரு உருவத்தின் விரலுக்கு. ஒரு காலத்தில் இங்கேயும் உருவங்கள் உடுத்திக்கொண்டு நின்றன. பிறகு அவற்றைக் களைந்தார்கள், உடைத்தார்கள், சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். என் அம்மா புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை, உங்களுடைய பழைய வழக்கம் ஒன்றைத் தெரியாமல் திரும்பக் கொண்டுவந்திருக்கிறா. கீழே பருத்தித் துணி விரிக்கலாம், சரிகையைக் கல்லில் படாமல் மடிக்கலாம், தண்ணீரும் வேண்டாம் விளக்கும் வேண்டாம், ஒரு மணித்தியாலம் போதும். அம்மாவுக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள். அதற்கு முன் இது நடக்கவேண்டும்.

என் குரல் பெரிதாக இருக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர்கள் அதை எடுத்து ஒவ்வொருவருடைய மடியிலும் வைப்பது எனக்கே கேட்டது. மிச்சத்தைக் கல் கொண்டுபோனது அம்மா, நீங்கள் சொன்னபடியே.

 பிறகு மூப்பர் மெல்லக் கேட்டார், "வருஷக்கணக்காக அவளுடைய கையில் பூ வைப்பது உன் அம்மாவா?"

ஓம் என்றேன்.

"ஈரத்தண்டு கல்லுக்கு ஆகாது. ஒவ்வொரு முறையும் நான்தான் எடுத்துப் படியில் வைப்பேன். எறிய மனம் வந்ததில்லை," என்றார்.

இதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. இப்போதுதான் சொல்கிறேன். ஆனால் எனக்கென்னவோ, அந்தப் பூவை உங்களுக்கு யாருமே கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

சம்மதம் என்றார்கள். நான் வெளியே ஓடினேன். வானுக்குள் அப்பா மட்டும் இருந்தார். "அவ நிக்கிறாவோ? சொல்லச் சொல்லக் கேளாமல் உள்ள போயிட்டா," என்றார். திரும்பி ஓடி வந்தேன். பக்கமண்டபத்தின் கடைசியில், படுத்திருக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில், போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். ஒரு கன்னத்தில் சுண்ணாம்பு. சுவரில் இருந்த துவாரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

"இதுக்குள்ளால பாத்தனான்," என்றீர்கள். "நீ மட்டும்தான் தெரிஞ்சனீ. வாய் ஆடினது. ஒரு வெள்ளைக்காரன்ர தலையும் மறைக்கேல்லை."

"என்ன கதைச்சனான் எண்டு விளங்கினதோ?"

"இங்கிலீசு ஆருக்கு வேணும்? சபையில எழும்பி நிண்டு கதைச்சனீ. அதுதானே கேட்டது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவவின் பக்கம் திரும்பினீர்கள். "கெட்டிக்காரி. முன்பணத்துக்கு இடமே வைக்கேல்லை."

பட்டுச் சாத்திய நாள் நல்ல வெயில். தெற்குச் சாளரத்து நிறங்கள் தூண்களில் விழுந்துகிடந்தன. மூப்பர் தன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவர் ஒரு முனையைப் பிடிக்க, பாதிரியார் மறுமுனையைப் பிடிக்க, நீங்கள் நடுவில் நின்று மடிப்பு மடிப்பாகக் கொய்யகம் வைத்தீர்கள். கழுத்து மட்டும் வரவேண்டும், முகம் தெரியவேண்டும், கை தெரியவேண்டும் என்று கட்டளை. மூப்பர் கால் பக்கத்தை இழுத்து மூடப்போனார்.

"நாயை மூடாதேங்கோ! மூச்சு முட்டும்!" என்றீர்கள் தமிழில்.

அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. துணியை உயர்த்தி நாயின் தலைக்கு வழி விட்டார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், கடைக்காரன் மனைவிக்கோ பூ என்று சிரித்தவர். யாரும் மணியடிக்கவில்லை, யாரும் ஒன்றும் ஓதவில்லை. ஒரு மணித்தியாலம் அவ சிவப்பாகக் கிடந்தா. பிறகு நீங்களே பட்டை எடுத்து மடித்து என் கையில் வைத்தீர்கள். "சாத்தின பட்டு. நீ எங்கயாவது கதைக்கப் போகேக்குள்ள கட்டு."

சத்திரசிகிச்சையிலிருந்து எழும்பினீர்கள். ஒரு முழுக் கோடையும் எங்களோடு இருந்தீர்கள். அடுத்த வசந்தத்தில் போனீர்கள். கண்ணீர் அஞ்சலி அச்சடிக்கக் கொடுத்த இடத்தில், கடைசி வரி என்ன போடுவது என்று கேட்டார்கள். எல்லோரும் போடுவதையே போடுங்கள் என்றார் அப்பா. அச்சாகி வந்த தாளை வாங்கி வாசித்தேன். 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்குமாறு உற்றார், உறவினர், நண்பர்களை வேண்டுகிறோம்.' கையில் தாளோடு கடை வாசலில் நின்றுவிட்டேன். உளியால் கொத்தப்பட்ட அந்தச் சொற்களை, ஒருவரும் கொத்தாமல், நம்முடைய எழுத்தில், உங்கள் படத்துக்குக் கீழே கண்டேன்.

பட்டை நான் இதுவரை கட்டவில்லை. இன்றைக்குக் கட்டப்போகிறேன். கொய்யகம் ஒழுங்காக வராது, ஐயரம்மா ஊசி வைத்திருப்பா. மூப்பருக்கு இப்போது நடக்கக் கஷ்டம், ஆனால் நாயின் கழுத்துப்பட்டியைத் தூரிகையால் துடைத்து வைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எங்கே தொடங்குவது என்று ஒரு கிழமையாக யோசித்தேன். கோபுரத்தில் தொடங்கு என்றார்கள். தூண்களில் தொடங்கலாம் என்று எழுதியும் பார்த்தேன். இல்லை. வருகிறவர்களைப் படுத்திருக்கிற அம்மாவிடம் கூட்டிப்போய், கொத்திய சொற்களை முதலில் வாசித்துக் காட்டுவேன், அவவுக்காக. அடுத்ததாக உங்களுடைய தாளின் கடைசி வரியைத் தமிழிலேயே சொல்வேன். யாருக்கும் விளங்கத் தேவையில்லை. கேட்டால் காணும்.

பிறகு எல்லோரையும் பீடப் பகுதிக்கு அழைத்துப்போய்ப் பேசுவேன். எங்கே நிற்பது என்று நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் அம்மா. அந்தத் தேய்ந்த சிங்கத்தின்மேல். பக்கமண்டபத்தில் நின்று துவாரத்துக்குள்ளால் பார்க்கிறவர்களுக்கு, அந்த இடத்தில் நிற்கும் ஆளின் வாய் ஆடுவது தெரியும். ஒருவருடைய தலையும் மறைக்காது.